பின்சக்கரம் இல்லாத சைக்கிள்

என் சைக்கிளுக்குப் பத்து மாதமாகப் பின்சக்கரம் கிடையாது. சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மிஷின் இரண்டு இரும்புக் காலையும் விரித்து உட்கார்ந்திருக்கிறது. டிரெய்னர் என்று பெயர். சைக்கிள் செயினை அதில் மாட்டிவிட்டால், மிதிக்க மிதிக்க உள்ளே ஒரு கனத்த சக்கரம் சுழலும். அதைக் காந்தம் பிடித்து இழுக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைச் செல்போன் சொல்லும். பெங்களூரில் இருக்கும் என் மச்சினன் ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாதம் அதில் துணி காயப்போட்டுவிட்டு, எனக்கு அடிபட்ட பிறகு காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

அடிபட்டது பைபாஸ் சர்வீஸ் ரோட்டில். விடிகாலையில் சைக்கிளில் போகும்போது, தீவன மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஒதுங்கியது; நானும் சேர்ந்து ஒதுங்கி, சாக்கடைக் கல்லில் விழுந்தேன். இடது முட்டி போயிற்று. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்கு வயரிங் செய்து பிழைக்கிறவன் நான். சோறு போடுகிற லாரியே தள்ளிவிட்டதைச் சொல்லிப் பட்டறையில் சிரிக்காத ஆளில்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன், வேறென்ன செய்வது.

ஆபரேஷனுக்குப் பிறகு காலுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மா ஒரு கணக்கு வைத்தார். "நூத்தம்பது வாட்ல அர மணி நேரம் நிக்காம மிதிச்சீங்கன்னா கால் ரெடிங்க. அதுக்கு முன்னால ரோட்டுக்குப் போனீங்கன்னா, லாரிக்கு நடுவுல முட்டி விட்டுருச்சுன்னா யாருங்க பொறுப்பு?" அவர் பேச்சுக்குச் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி அதைச் சட்டமாக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பின்சக்கரத்தைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினாள்.

எங்கள் வீடு வெண்ணந்தூர்ப் பக்கம். டிரெய்னர் இருப்பது மாடியில், சிமெண்ட் ஷீட் போட்ட அறை. ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுத் தறிக்குடோன் சுவர். பத்து மாதமாக நான் பார்த்த காட்சி அந்தச் சுவர்தான். அதில் எத்தனை செங்கல் பூச்சு உதிர்ந்து தெரிகிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். செல்போன் திரையில் யாரோ ஒரு ஊரின் மலைப்பாதை ஓடும். நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு அதே இடத்தில் இருப்பேன். மிதிக்கிற சைக்கிள் நகராமல் இருப்பதைப் போல ஒரு எரிச்சல் உலகத்தில் இல்லை. பத்து நிமிடம் ஆனால் முட்டியில் வலி எடுக்கும், நிறுத்திவிடுவேன். மாசக்கணக்கில் பத்துக்கு மேல் ஏறவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பட்டறைக்கு நான் போக முடியாததால் என் மீட்டர், டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் பையோடு வீட்டுக்கு வந்திருந்தன. கூடத்தில் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். மனைவி மாடிப் பக்கம் கை காட்டினாள்.

"அதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடுங்க. அதுந்தான இப்ப உங்களச் சுமக்குது."

ஏறிப்போய், மிஷினின் ஒரு பக்கம் திறந்திருக்கும் அந்தக் கனத்த கறுப்புச் சக்கரத்தின் விளிம்பில் கட்டைவிரலால் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். பக்தியில் இல்லை. ஒழிந்து போ என்று நினைத்துக்கொண்டே வைத்தேன்.

பூஜை கழிந்து மிதித்தபோது சுமை பஞ்சு மாதிரி இருந்தது. திரையில் மலைப்பாதை பறந்தது. பத்து, பதினைந்து, இருபது. திரையில் நூற்றைம்பது வாட் என்கிற எண் அசையவில்லை. முப்பதாவது நிமிடத்தில் நான் கத்திய கத்தலில் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். திரையைக் காட்டினேன். எண்ணை நன்றாகப் பார்த்தாள், என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செரிங்க. ஞாயித்துக்கெழம நல்ல நாளு. போய்ட்டு வாங்க" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் விழுந்த நாளிலிருந்து லாரி ஹாரன் கேட்டாலே அவள் கை நின்றுவிடும்.

புதன்கிழமையிலிருந்து மிஷின் கோளாறு செய்யத் தொடங்கியது. சுலபமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், திடீரென்று யாரோ கேரியரைப் பிடித்து இழுத்ததுபோல இறுகும். பெடல் நின்று முட்டியில் சுளீரென்று வலிக்கும். மறு நிமிடம் விட்டுவிடும். ஞாயிறு வரைக்கும் காலைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டுமே என்று எனக்குப் பதற்றம்.

மச்சினனைப் போனில் பிடித்தேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா மச்சான்?" என்று ஆரம்பித்தான். செய்தேன். புளூடூத்தைத் துண்டித்துத் திரும்ப இணைக்கச் சொன்னான். செய்தேன். வேகமாக மிதித்துக் காலை எடுத்துவிட்டு, சக்கரம் தானாக நிற்கும்வரை காத்திருந்தால் மிஷின் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் என்றான். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் தவறு என்றே வந்தது.

"சாஃப்ட்வேர்ல ஏதோ பிரச்சன மச்சான்."

"போன வெய்யி மாப்ள. நீ துணி காயப்போடத்தான் லாயக்கு" என்றேன்.

அடுத்து கரண்ட் மேல் சந்தேகம். பக்கத்துக் குடோனில் தறி ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதுதான், ஆனால் தறி நின்ற மதிய நேரத்திலும் மிஷின் அதே ஆட்டம் ஆடியது. லாரியில் முப்பதடி வயருக்குள் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிறவன், இந்த டப்பாவின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, தரையில் மஞ்சள் தூள் கண்ணில் பட்டது. மிஷினுக்கு நேர் கீழே. விரலில் தொட்டு முகர்ந்தேன். சந்தனம்.

டார்ச் அடித்துக் குனிந்தேன். கறுப்புச் சக்கரத்தின் விளிம்பில் கம்பெனிக்காரன் ஒரு வெள்ளைக் கோடு ஒட்டியிருக்கிறான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அந்தக் கோடு ஒரு சின்னக் கண்ணைக் கடக்கும். அந்தக் கண் எண்ணுவதை வைத்துத்தான் வேகம், வேகத்தை வைத்துத்தான் சுமை. கோட்டுக்கு நேர் எதிரே, அதே விளிம்பில், வெளுத்துக் காய்ந்த என் பொட்டு. பாதி உதிர்ந்திருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டு முழுசாக இருந்தவரை கண் ஒரு சுற்றை இரண்டாக எண்ணியிருக்கிறது. இவன் இரண்டு மடங்கு வேகத்தில் போகிறான், நூற்றைம்பது வாட்டுக்குப் பாதிப் பிடியே போதும் என்று மிஷின் சுமையைத் தளர்த்தியிருக்கிறது. பொட்டு உதிரத் தொடங்கியதும் சில சுற்று ஒன்றாகவும் சில சுற்று இரண்டாகவும் எண்ணி, இறுக்கியும் விட்டும் விளையாடியிருக்கிறது. கோளாறு புதன்கிழமை ஆரம்பிக்கவில்லை. நான் கத்தினேனே, அந்த நாளிலேயே இருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். மிஷின் ஒரே முறையில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டது. ஏறி மிதித்தேன். ஒரு ஆட்டம் இல்லை, அருமையாகப் பிடித்தது. ஒன்பதாவது நிமிடத்தில் முட்டி நடுங்கி நின்றுவிட்டது.

ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அறையில் யாருமில்லை. அப்புறம் ஒரு புத்தி வந்தது. பூஜை அலமாரியில் சந்தனம் இருக்கிறது. இன்னொரு பொட்டு வைத்தால் முப்பது நிமிடம் ஓடும். ஓடாவிட்டால்தான் என்ன, அவள் சரியென்று சொல்லியாயிற்று. நாளைக்கு இந்நேரம் நான் அந்தச் சுவரைப் பார்க்கவேண்டாம். ராசிபுரம் ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கும்.

சந்தனம் எடுக்கத்தான் படியிறங்கினேன். மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

கூடத்தில் புடவையைப் பிரித்துப்போட்டு, பின்சக்கரத்தைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கம்பியும் பளபளத்தது. நடுவில் பொட்டு. கீழே தட்டில் நாளைக் காலை சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க இரண்டு எலுமிச்சம்பழம். லாரிச் சத்தத்துக்கே கை நின்றுபோகிறவள், என்னை ரோட்டுக்கு அனுப்ப அந்தக் கையாலேயே எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னுங்க, மிஷினு செரியாச்சுங்களா?"

"ஆச்சு புள்ள" என்றேன். அலமாரியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். "மிஷினு செரியாய்டுச்சு. காலுதான் இன்னும் ஒம்போது நிமிசத்துல நிக்குது. அன்னிக்கு ஓடுனது நானில்ல, நான் வெச்ச பொட்டு."

புரியும்படி சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், நான் ரோட்டுக்குப் போகக்கூடாது என்றுதானே அவள் இருந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. சக்கரத்தைப் புடவையில் சுற்றத் தொடங்கியவள் நிறுத்தி, பரணைப் பார்த்து, சுற்றிய புடவையை அவிழ்த்தாள். சக்கரத்தைக் கூடத்திலேயே, டிவி பக்கத்தில், இருவர் கண்ணிலும் படும்படி நிறுத்தினாள்.

எலுமிச்சம்பழம் இரண்டையும் எடுத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தாள்.

"வாடாதுங்க. வாடுனா வேற வாங்கிக்கலாம். போங்க, போயி பத்து நிமிசம் மிதிச்சுப்போட்டு வாங்க" என்றாள்.

நான் படியேறினேன்.