தவபாலனின் முழங்கால்கள்

தவபாலன் யாரென்று கேட்டால் அவனுடைய முழங்கால்களைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். நயினாதீவில் பதினாறு வயதில் அவனைப்போல ஓடியவன் இல்லை. விடிந்ததும் கடற்கரை வீதியில் வெறுங்காலோடு மூன்று மைல் ஓடுவான். 1986இல் இரண்டு முழங்கால்களுக்குக் கீழும் எலும்பு கொட்டைப்பாக்கு அளவில் புடைத்தது. நிலத்தில் முழங்காலை ஊன்றினால் உயிர் போகும்.

"வளருற வயசு. இரண்டு மாசம் ஓடாமல் இரும், தன்பாட்டில வத்தும்" என்றார் தீவு ஆஸ்பத்திரி அப்போதிக்கரி.

அவன் கேட்டால்தானே! விளையாட்டுப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. தாய் சிவக்கொழுந்து எருக்கிலையை வாட்டி வைத்துக் கட்டினாள். எருக்கம்பால் பட்ட தோல் வெந்து, கறுத்து, காய்த்துப்போனது.

போட்டியன்று குறிகட்டுவான் துறையில் ஓடப்போன பள்ளிக்கூடப் பெடியள் நாங்கள் வள்ளத்தால் இறங்கியதும், சோதனைக்கு நின்ற சிப்பாய்கள் காற்சட்டையைச் சுருட்டச் சொன்னார்கள். ஊர்ந்து ஊர்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்தவனை முழங்கால் காட்டிக்கொடுக்கும் என்பது அவர்களின் எண்ணம். ஒவ்வொருவராகப் பார்த்து வந்த சிப்பாய் தவபாலனிடம் நின்றுவிட்டான்.

"ட்ரெயினிங் எங்க?"

"நான் ஓடுறனான் சேர். அம்மா எருக்கிலை கட்டினவ."

சிப்பாய் சிரித்தான். எங்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னான். தவபாலனைக் கடலைப் பார்த்தபடி முழங்காலில் நிற்கச் சொன்னான்.

தவபாலனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"முழங்கால் ஊன்ற ஏலாது சேர்" என்றான். பஸ்ஸில் இருந்து நாங்கள் அவனைக் கடைசியாகக் கண்டது அப்படித்தான்.