தங்கையின் தொண்டை

நகரியில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி ஓடிய காலம் அது. தறி வருமானம் போதாமல் நைனா பெங்களூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். தறியையும் என்னையும் தங்கையையும் அம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் கூல்டிரிங்க்ஸ் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. காலி பாட்டிலை யாரும் எறிவதில்லை. எண்ணெய், கிருஷ்ணாயில் எல்லாம் அதில்தான் ஊற்றி வைப்பார்கள். நூலுக்குச் சாயம் போட்டு மிச்சமான காஸ்டிக் சோடாக் கரைசலையும் பக்கத்து வீட்டு அத்தை அப்படி ஒரு பாட்டிலில் ஊற்றி, தன் வீட்டில் இடமில்லாமல் எங்கள் பின்கட்டில் வைத்திருந்தாள். பார்த்தால் வெறும் தண்ணீர்தான்.

தங்கை அப்போது பள்ளிக்கூடம் போகாத குழந்தை. வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள் அதை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டாள். அலறல் கேட்டு, ஓடுகிற தறியை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடி வந்தாள்.

"இன்னாடி குடிச்ச? சொல்லுடி!"

தங்கையால் பேச முடியவில்லை. உதடு வெந்து வெளுத்திருந்தது. கையை நீட்டிப் பாட்டிலைக் காட்டினாள்.

"வாந்தி எடுக்க வெய்யி, வெஷமெல்லாம் வெளிய வந்துடும்" என்று அத்தை பதறிப்போய் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். அம்மா அதைப் புகட்டித் தொண்டைக்குள் விரலை விட்டாள். வாந்தியோடு ரத்தமும் வந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் தெலுங்கில் கேட்டார்: ஏனம்மா வாந்தி எடுக்க வைத்தீர்கள்? உள்ளே போகும்போது ஒரு முறை சுட்டது, வெளியே வரும்போது மறுபடியும் சுட்டிருக்கிறதே. அத்தை வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தங்கை பிழைத்தாள். ஆனால் ஆறிய புண் உணவுக்குழாயை இறுக்கிவிட்டது. அதை அகலப்படுத்த வருஷக்கணக்கில் திருப்பதிக்குப் போய் வந்தோம். கிளம்புகிற நாளில் தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொள்வாள். "என்க்கு பதிலா நீ போயேன்க்கா."

நைனா வேலையை விட்டுவிட்டு வந்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தங்கை கஞ்சி குடித்து முடிக்கும்வரை தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார்.

அம்மா மட்டும் மாறிப்போனாள். கைக்குழந்தையோடு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் நிறுத்திச் சொல்வாள். "குடிக்கிற பாட்டில்ல எதுவும் ஊத்தி வெக்காதம்மா. புள்ள குடிச்சிட்டா வாந்தி எடுக்க வெக்காத. வாயக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அந்த பாட்டிலயும் எடுத்துக்கினு போ." சிலர் கேட்டுக்கொள்வார்கள். சிலர் அவளைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அத்தை கடைசிவரை எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கை இப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். குழையப் பிசைந்த ரசம் சாதத்தை அவள் விழுங்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிடுமாம். போன வாரம் போனில் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "சாப்ட்டியாடி?"

"பாதி சாப்ட்டேன்க்கா" என்றாள். "மீதிய டிபன்லயே மூடி வெச்சிட்டேன்."