பொழுது சாய்வதற்குள் நாலு இட்லி

பிள்ளைகளா, போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போய்விட்டு வந்து, அங்கே சாப்பிட்ட தட்டைப் போட்டோவில் காட்டினீர்கள். தட்டு பெரிதாக இருந்தது. அதில் இருந்த பண்டம் சின்னதாக இருந்தது. விலையைக் கேட்டு உங்கள் அம்மா வாயைப் பிளந்தாள். "அந்தப் பக்கம் கம்மி விலைக்கு ருசியா எங்கப்பா கிடைக்கும்?" என்று பெரியவன் கேட்டான். ஆட்டோக்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு அங்கே போ என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை லீவு. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தோம். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் தோட்டவேலை பார்த்தார். விடுதிக்குப் பின்னாலேயே ஒரு தகரக் கூரை அறையில் தங்கியிருந்தார். அவருக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டது என்று ஒருநாள் காலையில் ஆள் வந்து சொன்னார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இங்கே ஒன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் அம்மாவுக்கு நோன்பு. தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் படவில்லை. மறுநாள் காலையில் குளித்து, ஜினரைக் கும்பிட்ட பிறகுதான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆள் வந்துவிட்டார். இப்போது நம் வீட்டில் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம். அம்மா அப்படி இல்லை. சூரியன் மறைந்துவிட்டால் சாப்பிட மாட்டார். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கெதற்கு என்பார். வெங்காயம், பூண்டு, கிழங்கு என்று மண்ணுக்குள் விளையும் எதையும் தொட மாட்டார். முட்டை வெந்த பாத்திரத்தில் வெந்நீர்கூடக் குடிக்க மாட்டார்.

விடுதியின் சமையல்காரர் மாமாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அதே சட்டியில் கொஞ்சம் முன்னால் முட்டை அவித்ததை அம்மா பார்த்துவிட்டார். தான் அந்தக் கஞ்சியைத் தொடவில்லை, மாமாவிடம் அதைச் சொல்லவும் இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போனார், மாமாவின் துணிகளைத் துவைத்தார், அறையைக் கழுவினார். எனக்கு பன்னும் பழமும் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தவர், கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நீ எதுனா சாப்ட்டியா?" என்றார் மாமா.

நான்தான் சொன்னேன், "நேத்துலருந்து சாப்புடல மாமா."

"அடப்பாவி, இத காலையிலயே சொல்றதுக்கு இன்னாடா?" என்று கத்தி, எழப் பார்த்து, முடியாமல் படுத்துவிட்டார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் கையில் திணித்தார். "ஓடு. பொழுது போறதுக்குள்ள எதுனா வாங்கியா. வெங்காயம் பூண்டு இருக்கக்கூடாது."

"பொழுதுதான் போயிடுச்சேடா. பழம்லாம் வேணாம், வெறும் வயித்துல குமட்டும்" என்றார் அம்மா. அந்த அறையிலிருந்து பார்த்தால் சூரியன் தெரியாது. மேற்கே மூன்று மாடி விடுதி.

"டவுன்லதான் மலை சீக்கிரம் மறைச்சிடும். இந்தப் பக்கம் ஜாஸ்தி நேரம் வெயில் நிக்கும்க்கா" என்றார் மாமா.

ஓடினேன். ரோட்டின் மேற்குக் கோடியில் சூரியன் புளியமரங்களுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. முதலில் தெரிந்த கடைக்கு மூங்கில் கூரை, மாடிப்படி, கலர் சாக்பீஸால் எழுதிய பலகை. படியேறினேன். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் இலைதழையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். வெங்காயம் இல்லாமல் சோறு கிடைக்குமா என்று அங்கே வேலை செய்த அண்ணனிடம் கேட்டேன்.

"வெங்காயம் இல்லாமயா? இங்க சோறே இல்லாமதான்டா எல்லாம்" என்று சிரித்தார். ஒரு ரொட்டிக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும் நோட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அடுத்தது டிபன் ஓட்டல். சாம்பாரில் வெங்காயம், சட்னியில் வெங்காயம். வெங்காயம் இல்லாத சாம்பார் வேண்டுமானால் வீட்டில் போய்க் கேள் என்றார் கல்லாவில் இருந்தவர். அதற்கு அடுத்த இரண்டு கடைகளில் என்ன எழுதியிருந்தது என்றே புரியவில்லை. சூரியன் ஒரு ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் காலைத் தூக்கி ஹேண்டில்பார் மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"அண்ணா, நீங்க எங்க சாப்புடுவீங்க?"

"ஏன், எனக்கு வாங்கித் தரப்போறியா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்கம்மாவுக்கு. மயக்கமா வருது அவங்களுக்கு."

அவர் காலைக் கீழே போட்டு எழுந்து உட்கார்ந்தார். "தோ, அந்தச் செவுரு முடியுற எடத்துல நீலத் தார்ப்பாய் தெரியுதா? அங்க ஒரு அக்கா இருக்கும். நாங்க எல்லாம் அங்கதான். வாய்தான் ஜாஸ்தி. கை சுத்தம்."

வாய் ஜாஸ்திதான். நான் மூச்சிரைக்கச் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, "வெங்காயமும் வேணாம், பூண்டும் வேணாம், பொழுதும் போகக்கூடாது. நயினாரு வூடா நீங்க?" என்றார் அந்த அக்கா. சமணர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தலையாட்டினேன். அவர் சட்டென்று அடுப்பின் மேல் இருந்த இட்லிப் பானையைப் பார்த்தார். "இதுல வேணாம். முட்டையும் இதுலதான் அவிச்சேன்" என்று அதை இறக்கி வைத்தார். தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து இன்னொரு பானையை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, இரண்டு தரம் கழுவினார். புதுத் துணி கிழித்துத் தட்டில் விரித்தார். தண்ணீர் காய வேண்டும். மாவு ஊற்ற வேண்டும். வேக வேண்டும். நான் சூரியனைப் பார்ப்பதும் பானையைப் பார்ப்பதுமாக நின்றேன்.

"சீக்கிரம்க்கா."

"நோன்பு இருந்த வயிறுடா அது. அரைவேக்காடா குடுத்து அனுப்பவா?"

இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில் வறுத்த மல்லாட்டையைத் தோல் ஊதி, பச்சைமிளகாயும் உப்பும் வைத்து அம்மியில் ஓட்டினார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எனக்குப் புதுச் சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா, அதுவும் மண்ணுக்குள்ளதான விளையுது?"

"உங்க வூட்டுல மல்லாட்டை துன்றதில்லையா?"

"துன்னுவோம்."

"அப்ப வாய மூடிக்கினு நில்லு."

நாலு இட்லி. இலையில் வைத்து, சட்னியைத் தனியாகக் கட்டி, பேப்பர் சுற்றிக் கொடுத்தார். சூடு கையைச் சுட்டது. ரோட்டில் ஓடும்போது சூரியனில் பாதி மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. விடுதிச் சந்து திரும்பும்போது மேலே ஒரு கீற்றுதான் இருந்தது.

அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். பிரிக்கவில்லை.

"சூரியன் இருக்குதாடா? போய்ப் பாத்துட்டு வா."

கேட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். வானம் சிவப்பாக இருந்தது. சூரியன் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தேன்.

"இருக்குதும்மா. பாதி இருக்குது."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக இப்போது தோன்றுகிறது. பிறகு கையலம்பி, கண்மூடி ஏதோ முணுமுணுத்து, இலையைப் பிரித்தார். மாமா லைட்டைப் போடக் கையை நீட்டினார். "போடாத" என்றார் அம்மா. அரை இருட்டில் ஒவ்வொரு விள்ளலாக நாலு இட்லியையும் சாப்பிட்டார். "சட்னி நல்லா இருக்குதுடா, எங்க வாங்கின?" என்று கேட்டார். நான் ஆட்டோக்காரர் கதையைப் பெருமையாகச் சொன்னேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மா விடியுமுன் குளித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. மாமா சத்தம் போட்டார், கெஞ்சினார். "நேத்து சாப்ட்டதே நிறைஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டார் அம்மா. நான் அதை அப்படியே நம்பினேன். நான் தேடிக் கொண்டுவந்த இட்லி இரண்டு நாள் பசியைத் தாங்குகிறதே என்று எனக்குச் சந்தோஷம். அதைச் சொல்லத்தான் மத்தியானம் அந்த அக்காவிடம் ஓடினேன்.

"உங்க இட்லி சாப்ட்டதுல எங்கம்மாவுக்கு இன்னிக்கும் பசிக்கல!"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பொழுது இருக்கறப்பதான சாப்ட்டாங்க?"

"இருக்குதுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பானையைப் பார்த்துக்கொண்டு, "நான் இன்னும் கொஞ்சம் வெரசா ஊத்தியிருக்கணும்" என்றார். எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் இட்லி வேகிற நேரத்தில்தானே வேகும், இதற்குப் போய் இவர் ஏன் வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அதைப் பற்றிக் கடைசிவரை என்னிடம் பேசியதில்லை. நானும் பேசவில்லை. ஒரு பொய்க்கு ஒரு நாள் பட்டினி என்று அவர் தனக்கு விதித்துக்கொண்டார் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் உறைத்தது. பொய் சொன்ன பிள்ளையை ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டு, அதைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டார்.

அம்மா இறந்து, காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போன மறுநாள், உங்களை எழுப்பாமல் நான் மட்டும் நம் ஊர்க் கோயிலுக்குப் போனேன். பூசை செய்கிறவர் இன்னும் வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு எதிரே நின்று, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:

"அன்னிக்குச் சூரியன் இல்லம்மா."