ஆறு பேரும் தம்பியும்

"மொத்தம் எத்தனை ஆளுங்கண்ணே?" என்று கேட்டேன்.

"ஆறு."

"பேரும் வயசும் சொல்லுங்க."

ஆறு பேர்களையும் சொன்னார். ஒருவரின் வயது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. "என்னைவிடச் சின்னவன்தான். ஆனா ஏணியில ஏறினா என்னைவிட அதிகமா மூச்சு வாங்குவான். நாப்பத்தஞ்சுன்னு போடு" என்றார். போட்டேன்.

"உங்க தம்பி?"

"தம்பிக்கு என்ன?"

"அவரும் மேலதானே ஏறுறாரு. அவரை எழுத வேண்டாமா?"

"அவனை எப்படி ஆள் கணக்குல எழுதுறது, பாப்பா? ஆளுன்னா சனிக்கிழமை என்கிட்ட வந்து கைநீட்டிச் சம்பளம் வாங்குறவன். காசுப் பெட்டியில என் கை போற மாதிரி அவன் கையும் போகும். இந்தக் காகிதத்தை அவன் பார்த்தா என்ன நினைப்பான்?"

"அப்போ அவரையும் முதலாளின்னு போடவா?"

"போட்டா நாளைக்கு முதல் வேலையா என்னைத் துரத்திடுவான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆறு என்று எழுதி, கீழே கையெழுத்து வாங்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் சாரம் கட்டும் காண்டிராக்டர். பூச்சு வேலை செய்பவர்களும் பெயிண்டர்களும் நிற்பதற்காகக் கட்டடத்தின் வெளிப்புறம் இரும்புக் குழாயும் பலகையும் வைத்து எழுப்புகிறார்களே, அந்த வேலை. நான் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டின் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்கள் படிவங்கள் தமிழில் வருவதில்லை, வேறு மொழியில்தான் வரும். பள்ளியில் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால், கேள்வியைத் தமிழில் கேட்டு, பதிலை அந்த இன்னொரு மொழியில் எழுதுவது என் பொறுப்பு.

வருடத்துக்கு ஒருமுறை பாலிசியைப் புதுப்பிக்க வருவார். "முன்னெல்லாம் குழாய் நல்லா இருக்கான்னு பார்ப்பாங்க. இப்போ காகிதம் இருக்கான்னு பார்க்கிறாங்க. காகிதத்து மேல ஏறி நின்னா தாங்குமா?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி கேட்பார். எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் வைக்கும் அலமாரி ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. முதல் தடவை வந்தபோதே அதைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் வழியில் போகும்போது உள்ளே வந்து, தன் இடுப்பில் தொங்கிய ஸ்பேனரால், குழாய்களை இணைக்கும் கிளாம்பு ஒன்றை வைத்து அதைச் சுவரோடு முடுக்கிவிட்டுப் போனார். அந்தக் கிளாம்பு இன்னும் இருக்கிறது.

பதினாறு வயதில் வேறொருவருக்குக் குழாய் சுமந்தவர். பிறகு நாற்பது குழாய்களை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். அன்றிலிருந்து தம்பி கூடவே இருந்தார். வேலை நடக்கும் இடங்களில் இவருக்குப் பெரியவர் என்றும் அவருக்குச் சின்னவர் என்றும் பெயர். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கட்டுவது பெரியவர், கழற்றுவது சின்னவர். கழற்றுவதுதான் ஆபத்து. நிற்கிற இடத்தையே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு இறங்க வேண்டும். கடைசியாக இறங்குகிறவருக்கு நிதானம் வேண்டும். "எனக்கு அவசரபுத்தி. அவன் எருமை மாதிரி நிதானம்" என்று பெரியவர் பெருமையாகச் சொல்வார்.

அந்தப் படிவம் எழுதி ஏழு மாதம் கழித்துச் சின்னவர் விழுந்தார். இரண்டாம் தட்டில் நின்று பலகைகளைக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் யாரோ ஒரு பெயிண்டர், இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு கிளாம்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டாமல் போயிருக்கிறார். குழாய் நழுவியது. உயரம் அதிகமில்லை. ஆனால் முதுகு ஒரு குழாயின்மேல் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஆட்கள் பட்டியலைப் பார்த்தார். சம்பளப் பதிவேட்டைப் பார்த்தார். சின்னவரின் பெயர் இரண்டிலும் இல்லை. ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பெரியவர் அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டு வந்தார். எதிரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். காயமடைந்தவர் பட்டியலில் இல்லை, அவருக்குச் சம்பளம் கொடுத்ததற்கும் பதிவு இல்லை, ஆகவே அவர் உங்கள் பணியாளர் அல்லர் என்பதுவரை வந்தேன்.

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

நான் அடுத்த வரியைப் படித்தேன்.

எங்கள் ஏஜெண்டு இரண்டு முறை மேல்முறையீடு எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. நான் வழக்கம்போல அலுவலகம் போனேன், வந்தேன். கடை வைத்திருப்பவர்கள், லாரி வைத்திருப்பவர்கள் என்று யார் யாரோ வந்தார்கள். எத்தனை ஆள் என்று அவர்களையும் கேட்டேன். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை என்பதை நானே கவனித்தேன்.

அந்தப் படிவத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு குறிப்பு இருக்கிறது. சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் குடும்பத்தினர் இருந்தால் அவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று. நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். அன்று அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அவர் சொன்னது வேடிக்கையாக இருந்தது. வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

புதுப்பிக்கும் நாள் வந்தது. பெரியவர் மதிய இடைவேளையில் வந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"எத்தனை ஆளுங்கண்ணே?"

"அஞ்சு. மூச்சு வாங்குறவன் நின்னுட்டான்."

எழுதினேன். அவர் அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தம்பி பொண்டாட்டி என்ன சொல்றா தெரியுமா? ஒரு பேரைச் சேர்த்தா பிரீமியம் எவ்வளவு கூடப்போகுது, அந்தக் காசை மிச்சம் பிடிச்சு என் புருஷனைப் படுக்க வெச்சிட்டாருங்கிறா. சொல்லிட்டுப் போகட்டும். அவன் ஒண்ணும் சொல்லல. அதான். எதைக் கேட்டாலும் சரிண்ணே, சரிண்ணேங்கிறான். இருபத்தஞ்சு வருஷத்துல அவன் எனக்குச் சரின்னு சொன்னதே கிடையாது. அவனும் அவ மாதிரியேதான் நினைக்கிறான்."

நான் பேனாவை மூடினேன்.

"ஒண்ணு கேட்கலாமா, பாப்பா?"

"கேளுங்கண்ணே."

"ஒரு நாள் அவன் வீட்டுக்கு வா. போன தடவை காகிதம் எழுதின அன்னைக்கு நாம இங்க பேசினதை அவன்கிட்ட சொல்லு. நான் சொன்னா சாக்குன்னு நினைப்பான். நீ கேட்டதுல இருந்து வரிசையா சொல்லு. என்னை நல்லவனாக்கிச் சொல்லாத. நான் பேசின மாதிரியே சொல்லு."

"அண்ணே, அந்தப் படிவத்துல கீழ ஒரு குறிப்பு இருந்தது. குடும்பத்து ஆளுங்களைத் தனியா எழுதணும்னு. நான் உங்களுக்குப் படிச்சுக் காட்டல."

அவர் எழுந்து அலமாரியிடம் போனார். கிளாம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"அதையும் சொல்லு" என்றார். "அந்தத் துரத்துற ஜோக்கையும் சொல்லு, நாம சிரிச்சதையும் சொல்லு. எதையும் விடாத. நான் உள்ள வரமாட்டேன், வாசல்ல நிக்கிறேன்."