கழுத்தில் காலர், கையில் வலி ஜெல்

வலி ஜெல் விற்கிறவனுக்கு வலி வரக்கூடாது; மெடிக்கல் ரெப் வேலையில் யாரும் எழுதிக் கொடுக்காத முதல் விதி இது. எனக்கு வந்தது. ஆறு வருஷம் திருவனந்தபுரம் முழுக்க பைக்கில் சுற்றினேன். தோளில் சாம்பிள் பை, ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில் மேனேஜரின் குரல். கழுத்து பிடிக்காமல் வேறென்ன செய்யும்? கொஞ்ச நாளில் கிளட்ச் பிடிக்கிற இடது கை விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. பைக் ஓட்ட முடியாத ரெப்புக்கு எங்கள் கம்பெனியில் இடமில்லை. தினமும் பைக்கில் வதைபடும் அன்பர்களே, என் கதையைக் கேட்டு ஆறுதலடையுங்கள்.

திரும்பிய விதம்

கழக்கூட்டம் ஜங்ஷனில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் வண்டி வருகிறதா என்று மனிதர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நம் தலைதான் திரும்பாதே! இடுப்புக்கு மேலே மொத்தமாகத் திரும்பினேன். கூடவே ஹேண்டில்பாரும் திரும்பிவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்துவிட்டு, தலையை வெளியே நீட்டி மலையாளம் கலந்த தமிழில் கத்தினார்: "அண்ணாச்சி, வண்டி திரும்புதா, ஆளு திரும்புதா? ஏதாவது ஒண்ணு பறயணும், கேட்டோ!"

எட்டாவது காலர்

கழுத்துக்கு ஒரு காலர் வாங்கி மாட்டினேன். டாக்டர் அறைக்குள் நுழையுமுன் கழற்றிப் பைக்குள் ஒளித்துவிடுவேன். தொழில் தர்மம்! ஒருநாள் எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் புதிய நர்ஸ் என்னையும் நோயாளி என்று நினைத்து டோக்கன் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். எனக்கு முன்னால் ஏழு காலர்கள். ரெப்புக்கு நாற்காலி கிடைப்பதே அபூர்வம், அந்த சுகத்தில் கழற்ற மறந்தேன். கூப்பிட்டதும் உள்ளே போய், வழக்கம்போல, "கழுத்து வலிக்கு எங்கள் ஜெல், டாக்டர்..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் என் காலரையே பார்த்தார். "கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு! கம்பெனிக்காரனுக்கே இதிலே வலி போகலை. என் பேஷண்டுக்கு நான் எதை எழுதட்டும்?"

ஜாயின்ட் வொர்க்

இது எங்கள் தொழிலின் மாதாந்திரச் சடங்கு. மேனேஜர் சென்னையிலிருந்து வந்து, ரெப்பின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவன் ஒழுங்காக வேலை செய்கிறானா என்று பார்ப்பார். கல்லாறு பக்கம் ஒரு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மடேரென்று இடித்தது. இறங்கினதும் பிடரியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உன்கூட வந்து எனக்கு கழுத்தே போச்சுப்பா. நீ பழகிட்டே, குடுத்து வச்சவன்!"

காப்பி டம்ளர்

ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்ததே எனக்குச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பயந்துவிட்டேன், மறைப்பானேன்? அதே எலும்பு டாக்டரிடம் ஓடினேன். அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. நரம்பு அழுந்துகிறது, மூன்று மாசம் பைக்கையே தொடக்கூடாது, தொட்டால் கை இப்படியே நின்றுவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தரை துடைத்த துணியைக் கீழே போட்டாள். "கம்பெனிக்கு வேற ஆள் கிடைக்கும். உங்களுக்கு வேற கை கிடைக்குமா?"

மேனேஜருக்குப் போன் போட்டு மூன்று மாசம் விடுப்பு கேட்டேன். அவர் தாராளமாகச் சொன்னார்: "லீவெல்லாம் எதுக்குப்பா? நம்ம ஜெல்லே ரெண்டு ட்யூப் அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை நல்லா தேச்சுக்கோ, திங்கக்கிழமை வந்துடு."

அந்த ஜெல்லின் மகிமையை ஆறு வருஷம் ஊரெல்லாம் எடுத்துச் சொன்னவன் நான் என்பதால், அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டேன்.