மொத்தத்தில் அமைதியான தேர்தல்

ஜெர்சி சிட்டியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் அங்கிள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜனநாயகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். கோல்ஃப் ஆடிப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. தமிழ்ச் சங்கத்தில் பதவிக்கு நின்று பார்த்தார், தோற்றார். பிறகு, வெளிநாட்டுத் தேர்தல்களுக்குப் பார்வையாளர்களை அனுப்பும் ஓர் அமைப்பில் சேர்ந்தார். ஆன்லைனில் கொஞ்சம் பயிற்சி கொடுத்தார்கள். கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கையில்லாத காக்கி ஜாக்கெட்டும் வந்து சேர்ந்தன. அதைப் போட்டுக்கொண்டு அவர் லிஃப்டில் வந்ததை நானே பார்த்தேன். குப்பை போடப் போய்க்கொண்டிருந்தார்.

அவரை முதலில் அனுப்பிய நாடு, என்னோடு வங்கியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்த தோழியின் நாடு. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். மலைகள் நிறைந்த சின்ன நாடு. ராணுவ ஆட்சி போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நடக்கவிருந்தது இரண்டாவது பாராளுமன்றத் தேர்தல். தம்பி ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நம் ஊர் மாதிரியே அங்கேயும் வாக்குச்சாவடி வேலை வாத்தியார்கள் தலையில்தான் விழும்.

அங்கிள் போகிறார் என்று நான் சொன்னதும் தோழிக்கு உண்மையிலேயே சந்தோஷம். வெளியாட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் ரவுடிகள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்றாள். மலைக் குளிருக்கு என்ன எடுத்துப் போக வேண்டும், எந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றெல்லாம் எனக்குச் சொல்லி அனுப்பினாள். நான் மேலே போய் ஒப்பித்தேன். அங்கிள் பாதிதான் கேட்டார்.

“எல்லாம் ப்ரீஃப் பண்ணிட்டாங்கம்மா. செக்யூரிட்டி இருக்கு, டிரைவர் இருக்கு, ஃபைவ் ஸ்டார் ஹோட்டல். நான் பாத்துக்கறேன்.”

அங்கே வாக்குப்பதிவு முடியும் நேரம் எங்களுக்குக் காலை. நான் ரயிலிலிருந்து இறங்கி ஆபீசுக்குள் நுழைந்தபோது தோழி தன் இருக்கையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அவள் ஊர்க்காரர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். மதியத்துக்கு மேல் ஆளுங்கட்சி ஆட்கள் நாலைந்து பேர் சாவடிக்குள் வந்து வாக்குப்பெட்டியைக் கேட்டிருக்கிறார்கள். தம்பி தர மறுத்து, பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டிருக்கிறான். அவன் கையை முறித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். போலீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் வீடியோவில் அவன் வந்தான். ஒல்லியான, முன்பல் கொஞ்சம் தூக்கிய இளைஞன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. என்னைப் பார்த்து வணக்கம் மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தான். தோழி அழுதுகொண்டே எனக்கு மொழிபெயர்த்தாள்.

“இடது கைதானாம். சாக்பீஸ் பிடிக்கிற கை நன்றாக இருக்கிறதாம்.”

மறுநாள் உலகம் பேசத் தொடங்கியது. உலகம் என்றால், வாக்குச்சாவடி எதையும் எட்டிப் பார்க்காத உலகம். ஒரு பெரிய நாடு அந்த மக்களின் ஜனநாயக ஆர்வத்தை வரவேற்றது. இன்னொன்று நிலைமையைக் கூர்ந்து கவனித்து வந்தது. எங்கிருந்து கவனித்தது என்று சொல்லவில்லை. அந்த மலைகளில் சுரங்கம் தோண்டக் காத்திருந்த மூன்றாவது நாடு எல்லோரையும் முந்திக்கொண்டது. அதன் தூதர் மலர்க்கொத்தோடு பிரதமர் வீட்டு வாசலில் நிற்கும் படம் வந்தபோது மாவட்டங்களில் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அங்கிளின் அமைப்பும் ஒரு அறிக்கை விட்டது. தேர்தல் மொத்தத்தில் அமைதியாகவும் ஒழுங்காகவும் நடந்ததாம். ஓரிரு இடங்களில் சிறு அசம்பாவிதங்களாம்.

தோழி அந்த வரியைப் படித்துவிட்டு, “என் தம்பி சிறு அசம்பாவிதம்” என்றாள். பிறகு மீட்டிங்குக்குப் போனாள். அன்று எங்கள் குழு ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் செய்ய வேண்டியிருந்தது.

அங்கிள் திரும்பி வந்ததும் கட்டடத்தின் பார்ட்டி ரூமைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசினார். சமோசா, கேசரி, பெரிய பிளாஸ்கில் காபி. எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சமோசா இருந்தால் வருவார்கள். தோழியையும் நான்தான் அழைத்துப் போனேன். அவளுக்காக அங்கிள் ஆங்கிலத்தில் பேசினார். திரையில் படங்கள் வந்தன. மலை. மலைக்கு முன்னால் அங்கிள். மை வைத்த விரலை நீட்டும் பாட்டி. பாட்டிக்குப் பக்கத்தில் அங்கிள். பிறகு ஒரு கம்பளக் கடை, பேரம் பேசும் அங்கிள். அவ்வளவு சின்ன நாடு எவ்வளவு முதிர்ச்சியோடு வாக்களித்தது என்று அவர் சொன்னபோது ஒருவர் கை தட்டினார்.

கேள்வி நேரத்தில் தோழி எழுந்தாள். எந்தெந்த மாவட்டங்களுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். தலைநகரத்தைச் சுற்றி முக்கியமான சாவடிகளைப் பார்த்தோம் என்றார். மலை மாவட்டங்களுக்கு யாராவது போனார்களா என்று கேட்டாள். சாலை சரியில்லை, பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை என்றார். என் தம்பியின் கையை முறித்தார்கள் என்று அவள் சொன்னாள். குரல் உயரவே இல்லை.

அங்கிள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். மிகவும் வருந்துகிறேன் என்றார். ஆனால் மொத்தப் படத்தையும் பார்க்க வேண்டும், இளம் ஜனநாயகங்கள் நடை பழகும் குழந்தைகள், விழுந்துதான் எழுந்திருக்கும் என்றார். கை தட்டியவர் மறுபடியும் தட்டினார். அந்த ஆளை இன்றைக்கும் லிஃப்டில் பார்த்தால் எனக்கு எரிகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தம்பி கட்டுப்போட்ட கையோடு தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தான். ஆணையம் புகாரைத் தள்ளியது. வெளிநாட்டுப் பார்வையாளர்களே தேர்தல் அமைதியாக நடந்ததாகச் சொல்லியிருக்கும்போது இவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டது. கல்வித் துறை அதோடு விடவில்லை. நாட்டின் பெயரைக் கெடுத்ததாகச் சொல்லி அவனை சஸ்பெண்ட் செய்தது.

தம்பி வழக்குப் போட்டான். அவனுக்காக வாதாடிய வக்கீல் ஒரு வழி சொன்னார். பார்வையாளர்களில் ஒரே ஒருவர், ‘நாங்கள் அந்த மாவட்டத்துக்குப் போகவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். பார்ட்டி ரூமில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்ட விஷயம்தானே.

தோழியும் நானும் மேல்மாடிக்குப் போனோம். அந்தக் கம்பளம் ஹாலில் விரித்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல்தான் உட்கார வேண்டியிருந்தது. அங்கிள் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு அவளிடம் எதுவும் சொல்லாமல் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“இதெல்லாம் ரொம்ப சென்சிட்டிவ்மா. தனியா ஸ்டேட்மென்ட் குடுக்க ப்ரோட்டோகால் இல்ல. நாளைக்கு என்னைய வேற கன்ட்ரிக்குக் கூப்பிடணுமா வேண்டாமா?”

“நீங்க போகலன்னுதானே அங்கிள் எழுதச் சொல்றாங்க. போகலதானே?”

“போறது போகாததுன்னு இல்லம்மா. அது டீம் ரிப்போர்ட். டீம் சொன்னா நான் சொன்ன மாதிரி.”

ஆன்ட்டி காபி கலக்க உள்ளே போனார். கோப்பைகளை எடுத்து வர நானும் போனேன். ஆன்ட்டி நல்ல மனுஷி. கணவருக்காக என்னிடம் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“கோச்சுக்காதம்மா. அவர் என்னத்தக் கண்டாரு? எலெக்‌ஷன் அன்னிக்குப் பாவம் ரூம விட்டே வெளிய வரல. வயிறு ஒரேயடியா போயிருச்சு. அங்க ஏதோ தண்ணியக் குடிச்சுட்டாரு. அந்தப் பாட்டி போட்டோகூட வேற யாரோ எடுத்து, மறுநாள் இவரையும் கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சது.”

நான் காபியோடு ஹாலுக்கு வந்தேன். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டே கேட்டேன்.

“அங்கிள், எலெக்‌ஷன் அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “ஹெல்த் இஷ்யூ யாருக்கும் வரும். அதுக்கும் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல.”

“ஒரு சாவடியக்கூடப் பாக்காம, அமைதியா நடந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“வாய்க்கு வந்தபடி பேசாத. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியல.”

நாங்கள் பேசியது தோழிக்குப் புரியவில்லை. ஆனால் அவர் எழுந்து நின்ற விதத்தில் பதில் தெரிந்துவிட்டது. காபியைத் தொடாமல் எழுந்தாள். வாசலில் ஆன்ட்டியின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவள் வளர்ப்பு அப்படி.

கீழே வந்து நடந்ததைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் கேட்டுவிட்டு, ஹட்சன் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். “நான்தான் எந்தத் தண்ணீர் என்று சொல்லி அனுப்பினேனே” என்றாள். அந்த நிலைமையிலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் கெட்ட சிரிப்பு.

நான் அந்த அமைப்புக்கே மின்னஞ்சல் எழுதினேன், அங்கிளின் வயிறு உட்பட. உங்கள் கருத்துக்கு மிகுந்த மதிப்பளிக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், அதே கையெழுத்து. மூன்றாவது முறை, அவர்களின் மாதாந்தரச் செய்திமடலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு மாதம் அங்கிள் படம் வந்தது. மலைக்கு முன்னால் நின்றது. பெருங்கடல் தாண்டி இன்னொரு புது ஜனநாயகத்தைப் பார்வையிட அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வழக்கு தள்ளிப் போய்த் தள்ளிப் போய்க் கடைசியில் முடித்து வைக்கப்பட்டது. கை கொஞ்சம் கோணலாகவே கூடியிருக்கிறது. இங்கே வந்துவிடு என்று தோழி எவ்வளவோ கெஞ்சினாள், வரமாட்டேன் என்றுவிட்டான். இப்போது வீட்டு முன்னறையில் ட்யூஷன் எடுக்கிறான். போன வாரம் ஆபீசில் காலைச் சிற்றுண்டியின்போது தோழி அவனை வீடியோவில் கூப்பிட்டு எனக்கும் காட்டினாள். பின்னால் ஒரு கரும்பலகை, தரையில் உட்கார்ந்து கணக்குப் போடும் பிள்ளைகள். முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியைக் காட்டி ஏதோ சொன்னான். தோழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“பெட்டியைத் தூக்கிப் போனவர்களில் ஒருவனுடைய மகளாம்” என்றாள் என்னிடம். “அவனே வந்து கேட்டுச் சேர்த்துவிட்டுப் போனானாம்.”

“எப்படிச் சேர்த்துக்கொண்டான்?”

அவள் அதைத் தம்பியிடம் கேட்டாள். அவன் சொன்ன பதிலைத் தோழி மொழிபெயர்த்தாள்.

“பின்னங்களில் ரொம்பத் தடுமாறுகிறாளாம்.”