பக்கத்துக்கு அம்பது ரூபாய்

எங்க வீட்டம்மா பேர்ல ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. பணம் அவளோடது, கொண்டுபோயிக் கட்டுறது நான். வீட்டுல ரவிக்கை தைச்சு வாரம் நூறோ நூத்தியம்பதோ எடுத்துவைப்பா. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போற வழியில பேங்க்குல கட்டிட்டுப் போவேன். உத்தமபாளையத்துல எங்க தெருவுல பாதி வீட்டுல இப்படித்தான். பொம்பளைக சேத்துவைப்பாக, ஆம்பளைக சுமப்போம். சுமக்குறவனுக்குக் கூலி வேண்டாமா? வாரம் பத்து ரூபாயை நான் உருவிக்குவேன். தொழுகை முடிஞ்சு மூணு பரோட்டா, ஒரு ஆம்லெட். தொழுத கையோட திங்கிறமேன்னு வெக்கமெல்லாம் வந்ததில்ல, பசிதான் வந்துச்சு.

பாஸ்புக்கு எங்கிட்டதான் இருக்கும். அவ கேட்டா, "எண்ட்ரி போடக் குடுத்திருக்கேன்"னு சொல்லிருவேன். அப்புறம் அது மழையில நனஞ்சு கூழாப் போனப்ப, வாய்விட்டு அழாத குறையா நடிச்சேன்.

ரெண்டாயிரத்து ஆறுல வந்துச்சு வினை. கடைத்தெருவுல ஒரு கடையப் பிடிச்சு ரெண்டு பவர் மெஷின் போடணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை. கடன் கேட்டுப் போனோம். "தவறாமச் சேத்திருக்கீகளான்னு பாக்கணும், எட்டு வருசத்து ஸ்டேட்மெண்ட் வேணும்"னுட்டாரு மேனேஜர். பழைய லெட்ஜரத் தேடி எடுக்கணுமாம், பக்கத்துக்கு அம்பது ரூபாயாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ரூபாய்க்காக இல்ல. கட்டணத்தச் சாக்கா வச்சுச் சண்டை போட்டு, "அந்தப் பேங்க்கே நமக்கு வேணாம்"னு வீட்டுல சொல்லிறலாம்னு திட்டம். மறுநாள் தனியாப் போயி கவுண்டர்ல சத்தம் போட்டேன்.

"எங்க கணக்க நாங்க பாக்கக் கட்டணமா? என்னய்யா அநியாயம்! தகவல் உரிமைச் சட்டமே வந்தாச்சு, தெரியுமா?"

"நல்லாக் கேளுங்க பாய்"னு வரிசையில நின்ன ஏலக்கா யாவாரி வேற ஏத்திவிட்டாரு. கவுண்டர்ல இருந்த அம்மா தலையத் தூக்காமலே, "கணக்கு யார் பேர்ல?"ன்னு கேட்டாக.

"வீட்டுக்காரி பேர்ல."

"அப்பப் பாக்குற உரிமை அவுகளுக்குத்தான், உங்களுக்கு இல்ல. அவுகள வரச் சொல்லுங்க."

சட்டம் பேசப் போனவன், அவள வரச் சொன்ன சேதியச் சுமந்துக்கிட்டுத் திரும்பி வந்தேன்.

அவளே போனா. மறுபேச்சுப் பேசாம நானூறு ரூபாயைக் கட்டி, எட்டுப் பக்கத்தையும் வாங்கிட்டு வந்து, தையல் அளவு நோட்டுக்குப் பக்கத்துல விரிச்சா. அந்த நோட்டுல தோளளவு, கையளவுக்குக் கீழயே எங்கிட்டக் குடுத்துவிட்ட தொகையும் தேதி போட்டு எழுதியிருக்கான்னு எனக்கு அப்பத்தான் தெரியும். நூத்தியம்பதுக்கு நேரா நூத்தி நாப்பது. நூறுக்கு நேரா தொண்ணூறு. விரல் வச்சு எட்டுப் பக்கமும் பாத்தா. நான் சுவத்துக் காலண்டர மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

"ஒரு வாரங்கூடத் தவறலயே"ன்னா. "பேங்க்குக்கும் சரி, உங்களுக்கும் சரி."

அவ்வளவுதான். கடன் கிடைச்சிருச்சு, மெஷினும் வந்து எறங்குச்சு. இன்னைக்கு வைவா, நாளைக்கு வைவான்னு காத்துக் கிடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில தொப்பியத் தேடிக்கிட்டு இருக்கையில, ரெண்டா மடிச்ச நோட்டுகளத் தனித்தனியாக் கையில வச்சா.

"இது பேங்க்குக்கு. இது பரோட்டாவுக்கு. ரெண்டையும் கலந்துறாதீக."

வேற யாருகிட்டயாச்சும் குடுத்துவிட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மறுபடியும் என் கையிலயேல்ல குடுத்தா! வெக்கம்னா என்னன்னு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு.

பேங்க்குல நான் ரெண்டையும் கலந்து அவ கணக்குலயே கட்டிட்டேன். சலான்ல சீல் நல்லாத் தெரியுறாப்ல குத்துங்கன்னு கேஷியர்கிட்ட எட்டு வருசத்துல அன்னைக்குத்தான் கேட்டேன்.